தனியா உறங்குற எனக்கு மூச்சு நிக்குதுன்னு யார் சொல்லுவா?

இதை எழுதணும்னு ஒரு வருஷமா நினைச்சுட்டு இருக்கேன், நேரம் கிடைக்கல. போன வாரம் எங்க ஸ்கூல்ல கூட வேலை பாக்குற டீச்சர் ஒருத்தங்க, "ராத்திரி நாலு தடவை எந்திரிக்கேன், காலையில தலை கனக்கு, உறக்க மாத்திரை எழுதி வாங்கலாம்னு இருக்கேன்"னு சொன்னாங்க. கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிப்போச்சு, ஏன்னா இதே வார்த்தையத்தான் நான் 2023-ல சொல்லிட்டு திரிஞ்சேன், அப்பம் எனக்கு எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இல்ல. அதனால உறக்கத்துல மூச்சு நின்னு நின்னு வாற ஸ்லீப் அப்னியாங்கற நோயைப் பத்தி முழுசா எழுதுறேன், நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

எனக்கு இப்பம் 49 வயசு. தக்கலை பக்கம் வீடு, தனியார் ஸ்கூல்ல ஏழாங்கிளாஸுக்கு கணக்கு எடுக்கேன். வீட்டுக்காரர் 19 வருஷமா மஸ்கட்ல. ஒரே மக, பெங்களூர்ல நர்சிங் படிக்கா. மாமியார் தவறினதுக்கு அப்புறம் வீட்டுல நான் மட்டும்தான். நம்ம மாவட்டத்துல இது ஒண்ணும் புதுசு இல்ல, எங்க தெருவுலயே வீட்டுக்காரர் வளைகுடாவுல இருக்க தனியா இருக்கிற பெண்கள் ஆறேழு பேர் உண்டு. இந்த தனியா இருக்கிறதுதான் எனக்க கதையில முக்கியமான விஷயம், அதான் முதல்லயே சொல்லுதேன்.

2022 கிறிஸ்துமஸ் சமயத்துலதான் ஆரம்பிச்சுது. எட்டு மணி நேரம் படுத்து எந்திரிச்சாலும் ராத்திரி பூரா வேலை பாத்த மாதிரி உடம்பு அடிச்சுப் போட்டாப்ல இருக்கும். காலையில நெத்தியில ஒரு வலி, பத்து மணி ஆகும்போ தானா போயிரும். வாய் காய்ஞ்சு நாக்கு அண்ணாக்குல ஒட்டிக்கிடக்கும். ராத்திரி மூணு நாலு தடவை ஒண்ணுக்குப் போக எந்திரிப்பேன். சில நாள் மூச்சு முட்டி திடுக்குன்னு முழிப்பேன், நெஞ்சு படபடன்னு அடிக்கும். அம்மைகிட்ட சொன்னேன், "அமுக்குவான் பேய்தான் மக்ளே, தலைமாட்டுல இரும்பு வெச்சு படு"ன்னாங்க, அரிவாளை எடுத்து தலையணைக்கு அடியில வெச்சும் படுத்தேன். அந்த நேரத்துல பயத்துல எதையும் செய்யத் தோணும்.

பகல்ல நடந்ததுதான் இன்னும் மோசம். பரிச்சை ஹால்ல சூப்பர்விஷனுக்கு நின்னுட்டு இருந்தவ நாற்காலியில உக்காந்ததும் உறங்கிட்டேன், பிள்ளைங்க சிரிச்ச சத்தம் கேட்டு முழிச்சேன். அன்னைக்கே ஆபீஸ்ல கூப்பிட்டு எழுதி வாங்கினாங்க. 22 வருஷ சர்வீஸ்ல முதல் தடவை. வீட்டுக்கு வந்து கதவ சாத்திட்டு அழுதேன். வீட்டுக்காரர் ராத்திரி ஒன்பதரைக்கு வேலை முடிச்சு வீடியோ கால் பண்ணுவாங்க, பேசிட்டு இருக்கும்போதே எனக்கு கண்ணு சொருகும். முதல்ல "அலுப்பா?"ன்னு கேட்டவங்க, அப்புறம் "எங்கூட பேச பிடிக்கலைன்னா சொல்லிரு"ன்னு சொல்லுற அளவுக்கு வந்துட்டு. அந்த ஒரு வாக்கு எனக்கு எந்த வலியையும் விட பெருசா இருந்துச்சு. அவங்க மேலயும் தப்பு இல்ல, ஆயிரம் மைல் தள்ளி ரூம்ல இருக்கிறவங்களுக்கு போன்ல தெரியுறது நான் கொட்டாவி விடுறது மட்டும்தானே.

இனி ஆஸ்பத்திரி கதை. முதல்ல ரத்தப் பரிசோதனை, தைராய்டு, சுகர், ரெண்டு மூணு தடவை எடுத்ததுல 7,800 ரூபாய். தைராய்டு பாத்தத நான் வீண்னு சொல்ல மாட்டேன், தைராய்டு குறைஞ்சாலும் இதே அலுப்பு வரும், ஸ்லீப் அப்னியாவையும் அது கூட்டும், அதனால அதை பாத்துத்தான் ஆகணும். எனக்கு நார்மல். நெஞ்சு படபடப்புக்கு ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் 5,200. இதயம் நல்லா இருக்கு, ஆனா பிரஷர் 150-க்கு 96, அதுக்கு ஒரு மாத்திரை. தலைவலிக்கு மூளை எம்ஆர்ஐ 6,500, அதுவும் நார்மல். ரிப்போர்ட் நார்மல்னு வரும்போதெல்லாம் சந்தோஷப்படணும், எனக்கு அழுகைதான் வந்துச்சு, அப்பம் எனக்கு என்னதான்னு. மெத்தை சரியில்லைன்னு ஒருத்தங்க சொல்லி 21,000-க்கு மெத்தை. வாயுன்னு சொல்லி 14 நாள் எண்ணெய் வைத்தியம் 16,000, அந்த 14 நாள் மனசுக்கு இதமா இருந்துச்சு, உறக்கம் மாறல.

போற இடத்துல எல்லாம் ஒரே பதில், "மாதவிடாய் நிக்கிற வயசும்மா, இப்பிடித்தான் இருக்கும், மனசுல கவலை வெச்சுக்காதீங்க." எனக்கு 47-ல நின்னுட்டு. அந்த வயசுல உறக்கம் கெடும்ங்கறது உண்மைதான். ஆனா அதே வயசுலதான் இந்த நோயும் பெண்களுக்கு கூடும்ங்கறத யாரும் சொல்லல. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் குறையும்போ தொண்டையைத் திறந்து வெச்சிருக்கிற தசைக்கு கிடைச்சுட்டு இருந்த ஆதரவும் குறையும்னு பின்னாடி எனக்க டாக்டர் விளக்கினாங்க. ஒரே வயசுல வர்ற ரெண்டு விஷயம், ஒண்ணச் சொல்லி இன்னொண்ண மூடிட்டாங்க.

கடைசியில உறக்க மாத்திரை. அல்பிரசோலம் கால் மில்லிகிராம், ஒரு மாசத்துல அரை ஆச்சு. முதல் வாரம் சொர்க்கம், முழிப்பே இல்ல. ரெண்டாவது வாரத்துல இருந்து காலையில எந்திரிக்கும்போ தலைவலி ரெண்டு மடங்கு, பகல்ல நடக்கும்போதே தள்ளாட்டம். இப்பம் தெரியுது ஏன்னு. அந்த வகை மாத்திரை தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், மூச்சு அடைக்கும்போ நம்மள உலுக்கி எழுப்புற அந்த முழிப்பையும் தாமதமாக்கும். நான் முழிக்கலைன்னு சந்தோஷப்பட்ட ராத்திரியில எல்லாம் மூச்சு இன்னும் கூடுதல் நேரம் நின்னுட்டு இருந்திருக்கு. மதுவும் இதே வேலையைத்தான் செய்யும். இதைப் படிக்கிறவங்க யாராவது இப்பம் உறக்க மாத்திரை எடுத்துட்டு இருந்தீங்கன்னா, தயவு செய்து நாளைக்கே சட்டுன்னு நிறுத்திராதீங்க, அது வேற ஆபத்து, எனக்கே ஆறு வாரம் எடுத்து கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுத்தான் நிறுத்தினாங்க. ஆனா டாக்டர்கிட்ட போய், "எனக்கு மூச்சு நிக்குற நோய் இல்லைன்னு பாத்துட்டீங்களா?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. என்கிட்ட அந்த மாத்திரை எழுதினவங்க யாரும் கொறட்டை உண்டான்னு கூட கேக்கல.

2024 மார்ச் மாசம் ஸ்கூல் விட்டு ஸ்கூட்டர்ல வாறேன், வில்லுக்குறி தாண்டி. மூணரை மணி வெயில். லாரி ஒண்ணுக்குப் பின்னால போனது ஞாபகம் இருக்கு, அடுத்து ஞாபகம் இருக்கிறது ஓரத்துல மண்ணுல கிடக்கேன், ஒரு அண்ணன் வண்டிய தூக்குறாங்க. நடுவுல ஒண்ணும் இல்ல. வண்டி ஓட்டிட்டே உறங்கியிருக்கேன். இடது மணிக்கட்டுல முறிவு, கட்டுக்கு 6,600, வண்டிக்கு 9,400. எதிர்ல பஸ் வந்திருந்தா நான் இதை எழுதிட்டு இருக்க மாட்டேன், என்னால வேற யாராவது செத்திருந்தாலும் செத்திருப்பாங்க, அதை நினைச்சா இப்பவும் கை நடுங்கும். வீட்டுல "குழியில விட்டுட்டேன்"னு பொய் சொன்னேன். உறங்கிட்டேன்னு சொல்ல வெக்கம். அந்த வெக்கத்தால இன்னும் நாலு மாசம் போச்சு. வண்டியில ஒரு செகண்டு கண்ணு அடைச்சாலும், அன்னைக்கே சாவியை யார்கிட்டயாவது குடுத்துட்டு டாக்டர பாருங்க.

ஜூலையில மக லீவுக்கு வந்தா. நல்ல மழை, அவளுக்க ரூம்ல ஓடு ஒழுகுது, அதனால எனக்க ரூம்ல படுத்தா. மறுநாள் காலையில நான் கட்டன் சாயா போட்டு கொண்டு வந்து வைக்கேன், அவ ஒண்ணும் பேசல, கண்ணு சிவந்திருக்கு. போனை மேஜையில வெச்சு "அம்மா, இதைக் கேளு"ன்னா.

முதல்ல ஃபேன் சத்தம், ஓட்டுல மழை விழுற சத்தம். அதுக்குள்ள எனக்க கொறட்டை. பெரிய சத்தம் இல்ல, துருப்பிடிச்ச கதவு மெல்ல திறக்குற மாதிரி ஒரு இழுப்பு. அது கூடிக் கூடி வந்து அப்பிடியே நின்னுட்டு. மழை மட்டும் கேக்கு. அதுக்கப்புறம் எனக்க மக மெல்லிய குரல்ல எண்ணுறா, ஒண்ணு, ரெண்டு, மூணு... இருபதுக்கு மேல போகும்போ அவ குரல் ஒடையுது. முப்பத்தெட்டுல, குளத்துல முங்கினவங்க மூச்சு பிடிக்க மேல வாற மாதிரி ஒரு பெரிய சத்தம், நான்தான். திரும்பவும் அந்த கதவு இழுப்பு. திரும்பவும் நிக்குது. "ராத்திரி மூணு மணி வரைக்கும் உனக்க நெஞ்சையே பாத்துட்டு இருந்தேம்மா, நெஞ்சும் வயிறும் மூச்சுக்கு முட்டுது, காத்து உள்ள போகல"ன்னு சொல்லிட்டு என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா. சாயா ஆறிப்போச்சு, ரெண்டு பேரும் குடிக்கல.

இதுதான் நான் சொன்ன ஸ்லீப் அப்னியா. உறங்கும்போ நாக்கும் தொண்டைச் சதையும் தளர்ந்து பின்னால விழுந்து மூச்சுப் பாதையை அடைச்சிரும். பத்து செகண்டோ அதுக்கு மேலயோ காத்து நின்னா அது ஒரு தடவை. ரத்தத்துல ஆக்ஸிஜன் இறங்கும், மூளை பயந்து ஒரு நொடி நம்மள எழுப்பும், மூச்சு வரும், திரும்ப உறங்குவோம், இந்த முழிப்பு நமக்கு ஞாபகமே இருக்காது. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு நிக்குது அல்லது குறையுதுங்கற கணக்குக்கு ஏஹெச்ஐன்னு பேரு. 5-க்கு கீழ நார்மல், 5-ல இருந்து 15 லேசானது, 15-ல இருந்து 30 நடுத்தரம், 30-க்கு மேல கடுமை. ஒண்ணுக்கு எந்திரிக்கிறது கூட இதால வரலாம், மூச்சு முட்டி இழுக்கும்போ இதயத்துல அழுத்தம் மாறி, உப்பையும் தண்ணியையும் வெளியேத்தச் சொல்லி ஒரு ஹார்மோன் வரும், கிட்னி அதைக் கேட்டு சிறுநீரைக் கூட்டும். நான் ஒரு வருஷம் மூத்திரக் கிருமின்னு நினைச்சு தண்ணியா குடிச்சுட்டு இருந்தேன்.

டாக்டர்மார் இதைக் கண்டுபிடிக்க ஸ்டாப் பாங்னு எட்டு கேள்வி கேப்பாங்க, கனடாவுல உண்டாக்கி 2008-ல வெளிவந்தது. கொறட்டை உண்டா, பகல்ல அலுப்பு உண்டா, மூச்சு நிக்குறத யாராவது பாத்தாங்களா, பிரஷர் உண்டா, எடை, வயசு 50-க்கு மேலயா, கழுத்து சுத்தளவு, ஆணா. மூணுக்கு ஆமான்னா சந்தேகப்படணும். நல்ல கேள்விதான், ஆனா எனக்க நிலையில இருந்து பாருங்க. கொறட்டை உண்டான்னு எனக்கு எப்பிடி தெரியும்? மூச்சு நிக்குறத யாரு பாப்பா? ஆண்ங்கறதுக்கு ஒரு மார்க், அது எனக்கு கிடைக்காது. எட்டுல மூணு கேள்வி தனியா உறங்குற பெண்ணுக்கு ஆரம்பத்துலயே போச்சு. பெண்கள் நிறைய பேருக்கு பெரிய கொறட்டை இல்லாம அலுப்பு, தலைவலி, உறக்கம் வராமை, மனசோர்வுன்னு வரும்ங்கறதால மனசு சம்பந்தப்பட்டதுன்னு தள்ளி விட்டுர்றாங்க. 2023-ல டெல்லி எய்ம்ஸ் டாக்டர்மார் இந்தியாவுல நடந்த ஆய்வுகளை எல்லாம் சேத்து கணக்குப் போட்டதுல சுமார் 10.4 கோடி பேருக்கு இது இருக்கும்னு வந்துச்சு. அதுல தெரிஞ்சு மருந்து பாக்குறவங்க எத்தனை பேர் இருப்பாங்கன்னு நினைச்சாலே கஷ்டமா இருக்கு.

அதனால தனியா உறங்குறவங்களுக்கு நான் சொல்லுறது இதுதான், போன்ல ரெக்கார்டர் போட்டு தலைமாட்டுல ஒரு முழம் தள்ளி வெச்சு படுங்க. ஏரோபிளேன் மோட்ல போட்டா கால் வந்து நிக்காது. மூணு நாள் எடுங்க. விடியக்காலம் மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் உள்ளத கட்டாயம் கேளுங்க, கனவு வாற உறக்கம் அந்த நேரத்துலதான் கூடுதல், பெண்களுக்கு அந்த உறக்கத்துலதான் மூச்சு அதிகமா நிக்கும். சத்தம் நின்னு, அப்புறம் ஒரு திணறலோட திரும்ப வருதான்னு பாருங்க. ரெக்கார்டிங் வெச்சு நோய் இல்லைன்னு முடிவு பண்ணாதீங்க, ஆனா இருந்தா டாக்டர்கிட்ட போட்டுக் காட்டுங்க. நான் ஒன்றரை வருஷம் வாயால சொன்னதுக்கு கிடைக்காத கவனம் அந்த 38 செகண்டுக்கு கிடைச்சுது.

பரிசோதனையிலயும் ஒரு தடவை ஏமாந்தேன். முதல்ல நாகர்கோவில்ல ஒரு இடத்துல வீட்டுக்கே கொண்டு வந்து மாட்டுற கருவி, 5,000 ரூபாய். மூக்குல குழாய், நெஞ்சுல பெல்ட், விரல்ல கிளிப். அந்த ராத்திரி எனக்கு உறக்கமே வரல, மொத்தம் மூணு மணி நேரம் உறங்கியிருந்தா அதிகம். ரிப்போர்ட்ல ஏஹெச்ஐ 9, "லேசானதுதான், சரிஞ்சு படுங்க போதும்"னு சொல்லிட்டாங்க. நான் கணக்கு டீச்சர், ரிப்போர்ட்ட உக்காந்து பாத்தேன். மொத்தம் 72 தடவை, 8 மணி நேரத்தால வகுத்து 9. ஆனா நான் உறங்கினதே மூணு மணி நேரம்தானே, 72-ஐ மூணால வகுத்தா 24. அந்தக் கருவியில மூளை அலை பாக்குற வயர் கிடையாது, நாம உறங்குறோமா முழிச்சு கிடக்கோமான்னு அதுக்குத் தெரியாது, ஓடின நேரத்தை எல்லாம் உறக்கம்னு கணக்கெடுக்கும். வீட்டுக் கருவியே தப்புன்னு சொல்லல, நல்லா உறங்கி, ரிப்போர்ட்ல நோய் உண்டுன்னு வந்தா அது போதும். இல்லைன்னோ லேசுன்னோ வந்து, உங்களுக்கு உபத்திரவம் மாறாம இருந்தா அத்தோட விட்டுராதீங்க.

ஆகஸ்ட்ல திருவனந்தபுரம் போய் லேப்ல உறக்கத்தை அளக்குற ஸ்லீப் ஸ்டடி எடுத்தேன், 13,500. தக்கலையில இருந்து நேரா பஸ், ஒரு ராத்திரி தங்கல், தனியாத்தான் போனேன், எனக்க தலையணையையும் தூக்கிட்டு. நம்ம மாவட்டத்துல உள்ளவங்க முதல்ல ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல நெஞ்சு டாக்டரையோ காது மூக்கு தொண்டை டாக்டரையோ பாத்து எங்க எடுக்கலாம்னு கேக்கலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா இன்ஸ்டிட்யூட்ல உறக்க நோய்க்குன்னு தனிப் பிரிவே உண்டு. போறவங்க ரெண்டு விஷயம் கவனிச்சுக்குங்க, எனக்கு யாரும் முன்கூட்டி சொல்லல. தலையில எண்ணெய் வெச்சுட்டு போகாதீங்க. நான் வழக்கம் போல தேங்காய் எண்ணெய் வெச்சு பின்னிட்டுப் போனேன், தலையில ஒட்டுற வயர் ஒண்ணும் நிக்கல, அந்த டெக்னீசியன் பெண்ணு ஸ்பிரிட் வெச்சு துடைச்சு துடைச்சு ஒரு மணி நேரம் பாடுபட்டுது, அப்புறமும் ராத்திரி ரெண்டு தடவை வந்து திரும்ப ஒட்டிச்சு. ரெண்டாவது, நகத்துல பாலிஷ், அடர்ந்த மருதாணி வேண்டாம், விரல் கிளிப் ஆக்ஸிஜனை சரியா காட்டாதுன்னு சொன்னாங்க. வழக்கமா எடுக்குற மாத்திரை எல்லாம் எழுதிட்டுப் போங்க.

ரிசல்ட், ஏஹெச்ஐ 27. கனவு உறக்கத்துல மட்டும் 51. ஆக்ஸிஜன் 76 சதவீதம் வரை இறங்கியிருக்கு. டாக்டர் கம்ப்யூட்டர்ல அந்த கோடு மேல கீழ போறதைக் காட்டும்போ எனக்கு பயத்தை விட பெரிய ஆறுதல்தான் வந்துச்சு. நான் சோம்பேறி இல்ல, எனக்க மனசுல கோளாறு இல்ல, வீட்டுக்காரர் மேல பிரியம் குறையல. அந்தப் படத்தை அங்கேயே போன்ல எடுத்து அவங்களுக்கு அனுப்பினேன். அஞ்சு நிமிஷம் பதில் இல்ல. அப்புறம் கால் வந்துச்சு, பேச முடியாம "நான் அப்பிடி சொல்லியிருக்கக் கூடாது"ன்னு மட்டும் சொன்னாங்க.

மருந்துன்னா மெஷின்தான், சிபாப். மூக்குல மாஸ்க் மாட்டி காத்தை மெல்லிய அழுத்தத்துல உள்ள விடும், அந்த காத்து தொண்டை ஒட்டாம தாங்கிப் பிடிக்கும். ஆஸ்திரேலியாவுல காலின் சல்லிவன்ங்கற டாக்டர் 1981-ல இதைக் கண்டுபிடிச்சு வெளியிட்டாங்க, அதுக்கு முன்னால கடுமையா உள்ளவங்களுக்கு கழுத்துல ஓட்டை போடுறதுதான் வழியாம். மெஷினை முதல்ல வாடகைக்கு எடுங்க, எடுத்ததும் வாங்காதீங்க. நான் ஒரு மாசம் 4,000 குடுத்து எடுத்துப் பாத்துட்டுத்தான் 46,000-க்கு வாங்கினேன், அதுல நான் செஞ்ச நல்ல காரியம் அது ஒண்ணுதான். மாஸ்க்குல தோத்தேன். கடைக்காரர் "இதுதான் எல்லாரும் வாங்குறது"ன்னு வாயும் மூக்கும் மூடுற பெருசு ஒண்ணைத் தந்தார், 5,200. ராத்திரி பூரா கன்னத்து ஓரமா காத்து லீக் ஆகி கண்ணுல அடிக்கும், காலையில கண்ணு சிவந்து கிடக்கும். மூணு வாரம் அழுதுட்டே மாட்டினேன், கழட்டி எறிஞ்ச ராத்திரியும் உண்டு. கடைசியில டாக்டர் பாத்துட்டு, உங்க முகத்துக்கு இது அளவே இல்லைன்னு மூக்குத் துவாரத்துல மட்டும் நிக்குற சின்னது மாத்தினாங்க, 4,800. அன்னைக்கு ராத்திரி பத்தரைக்கு படுத்தவ காலையில அஞ்சே முக்காலுக்கு முழிச்சேன். நடுவுல ஒண்ணுக்கு எந்திரிக்கல. தலைவலி இல்ல. முத்தத்துல போய் நின்னேன், தெங்குல கிளி சத்தம் கேட்டுச்சு, இது தினமும் கேக்குற சத்தம்தானே, ரெண்டு வருஷமா நான் கேக்கலியேன்னு தோணிச்சு. மாஸ்க்கை கடையில முகத்துல மாட்டி, மெஷினை ஓட விட்டு, படுத்துப் பாத்து வாங்குங்க, நின்னுட்டு பாத்தா சரியா இருக்கும், படுத்தா லீக் ஆகும்.

நம்ம ஊருக்குன்னு சில விஷயம் இருக்கு. கரண்டு. மழை காத்துன்னா போயிரும், மெஷின் நின்னா மாஸ்க்குக்குள்ள மூச்சு முட்டின மாதிரி தோணி முழிச்சிருவோம், மாஸ்க்குல வெளிய காத்து போக ஓட்டை உண்டு, பயப்பட வேண்டாம், கழட்டினா போதும். வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தா அந்த பிளக்குல போடுங்க, தண்ணி சூடாக்குற பாகத்தை நிறுத்தி வெச்சா பேட்டரி கூடுதல் நேரம் நிக்கும். அந்த தண்ணி தொட்டியில கிணத்துத் தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்டில்டு வாட்டர்தான், தினமும் காலையில கொட்டிரணும். முகத்துல எண்ணெய் பசை இருந்தா மாஸ்க் வழுக்கும், சோப்பு போட்டு முகம் கழுவிட்டுப் படுக்கணும். மாஸ்க்கை தினமும் சோப்புத் தண்ணியில அலசி நிழல்ல காய வையுங்க. இன்சூரன்ஸ்ல எனக்கு ஒரு பைசா வரல, 24 மணி நேரம் அட்மிட் ஆகலைன்னு ஸ்டடிக்கும் தரல, மெஷினுக்கும் தரல. ஸ்டடிக்கு முன்னாடியே அவங்ககிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க.

இப்பம் ஊசி வந்துட்டே, மெஷின் எதுக்குன்னு கேக்குறாங்க. டிர்செபடைடுங்கற எடை குறைக்குற ஊசியை 2024 டிசம்பர்ல அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்த நோய்க்கும் அனுமதிச்சுது உண்மைதான். இந்த நோய்க்குன்னே அனுமதி கிடைச்ச முதல் மருந்து அது. அந்த ஆராய்ச்சியில ஒரு வருஷத்துல, ஒரு மணி நேரத்துக்கு சராசரி 25-ல இருந்து 29 தடவை குறைஞ்சிருக்கு, பெரிய விஷயம்தான். ஆனா அதுல சேத்தது உடல் பருமன் உள்ளவங்களை, பிஎம்ஐ, அதாவது உயரத்துக்குத் தக்க எடைக் கணக்கு, 30-ம் அதுக்கு மேலயும். 2025 மார்ச்ல நம்ம நாட்டுலயும் அந்த மருந்து விற்பனைக்கு வந்துச்சு. நான் டாக்டர்கிட்ட கேட்டேன், எனக்கு பிஎம்ஐ 27, "உங்களுக்கு எடையை விட தாடையும் தொண்டையும் சின்னதா இருக்கிறதுதான் காரணம், இது உங்களுக்கு இல்ல"ன்னு தெளிவா சொன்னாங்க. ஒல்லியா உள்ளவங்களுக்கும் இது வரும், குண்டா இருக்கிறவங்க நோய்னு நினைச்சுட்டு இருக்காதீங்க. இன்னொண்ணு, 2016-ல வந்த சேவ்ங்கற பெரிய ஆராய்ச்சியில சிபாப் போட்டும் மாரடைப்பு, பக்கவாதம் குறையலைன்னு வந்துச்சு, அதைச் சொல்லி மெஷினே வீண்னு ஒருத்தங்க என்கிட்ட வாதாடினாங்க. அதுல உள்ளவங்க ராத்திரிக்கு சராசரி 3.3 மணி நேரம்தான் மாட்டியிருக்காங்க. அதே ஆராய்ச்சியில பகல் உறக்கமும் மனநிலையும் நல்லா ஆச்சுன்னும் இருக்கு, அதை அவங்க சொல்லல. நான் அதுல இருந்து எடுத்துக்கிட்டது, மாட்டினா ராத்திரி முழுக்க மாட்டணும், விடியக்காலம் ஒண்ணுக்கு எந்திரிச்சுட்டு அப்பிடியே படுத்துரக் கூடாது.

கணக்கு சொல்லிருதேன். நோய் பேரு தெரியாம அலைஞ்சதுல, அந்த வீட்டுக் கருவியையும் சேத்து 77,500 ரூபாய். லேப் ஸ்டடி, வாடகை, மெஷின், ரெண்டு மாஸ்க் எல்லாம் சேத்து 73,500. நாள் கணக்குல 20 மாசம். மெஷினுக்கு அவ்வளவு காசான்னு கேக்குறவங்ககிட்ட இந்த ரெண்டு நம்பரையும் சொல்லுவேன். இப்பம் மெஷின் கணக்குல எனக்க ஏஹெச்ஐ 2-க்கும் 3-க்கும் நடுவுல. பிரஷர் 128-க்கு 82, மாத்திரை அளவை பாதியாக்கியிருக்காங்க. ஸ்கூட்டர் ஓட்ட டாக்டர் சொன்ன பிறகும் ரெண்டு மாசம் பயந்து பஸ்லதான் போனேன், இப்பம் ஓட்டுறேன். வீட்டுக்காரர் ஓணம் லீவுக்கு வந்தப்ப மாஸ்க் மாட்டி பக்கத்துல படுக்க எனக்கு கூச்சமா இருந்துச்சு, ரெண்டு நாள் கழட்டி வெச்சுட்டேன். மூணாவது நாள் அவங்களே எடுத்து மாட்டி விட்டாங்க, "நீ மூச்சு விடுற சத்தம் கேட்டாத்தான் எனக்கு உறக்கம் வருது"ன்னு.

இந்த நோய் குடும்பத்துல ஓடும்னு டாக்டர் சொன்னதும் அம்மை ஞாபகம்தான் வந்துச்சு. 74 வயசு, அருமனையில தம்பி வீட்டுல இருக்காங்க, சாய்வு நாற்காலியில உக்காந்தா உடனே உறக்கம், நாங்க எல்லாம் வயசுன்னு விட்டிருந்தோம். போன மாசம் போய் ஒரு ராத்திரி கூடப் படுத்து எண்ணினேன், 29 செகண்டு. அடுத்த செவ்வாய்க்கிழமை ஸ்டடிக்கு நாள் வாங்கியிருக்கேன், நானும் கூடப் போறேன். திங்கக்கிழமை தலை குளிச்சா எண்ணெய் தொடாதீங்கன்னு இப்பமே தம்பி பெண்டாட்டிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.